மரபணுக் கத்தரி

ஜனவரி 19, 2025, ஞாயிறு

காலையிலிருந்து ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மலையாளத்தில் ஒன்றரை வரிதான். தமிழுக்கு வந்ததும் கைகால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. மூன்று வரிக்குக் குறைய மாட்டேன் என்கிறது. "டீச்சரே, மொத்தமும் ரெண்டு பக்கத்துல ஒதுங்கணும் கேட்டோ" என்று சத்தியநேசன் சார் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

சார் அறிவியல் பேரவையின் செயலாளர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடந்தோறும் உயிரியலில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். தேறினால் மே மாதம் ஆய்வுக்கூடத்தில் முகாம். பள்ளிக்கூடத்தில் படமாக மட்டும் பார்த்த டிஎன்ஏவைத் தன் கையால் பிரித்து, வெட்டி, ஒட்டிப் பார்க்கலாம். இதுவரை மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான் கேள்வி. இந்த வருடம் மலையாள ஊரில் தமிழ் மீடியம் படிக்கும் பிள்ளைகளுக்கும் என்று முடிவாகி, மொழிபெயர்க்க ஆள் தேடி, கடைசியில் நான். பாட்டனி கெஸ்ட் லெக்சரர், தமிழ் எழுதத் தெரியும். அவ்வளவுதான் தகுதி. வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டேன்.

இல்லை, இங்கே எதற்குப் பொய்? எனக்கு இது வேண்டும். மரபணுப் பொறியியல் பற்றித் தமிழில் ஓர் அடிப்படைப் புத்தகம் போடப்போகிறார்கள். வினாத்தாள் நன்றாக வந்தால் அதையும் என்னையே எழுதச் சொல்வதாகச் சார் சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். பிளஸ் டூ படித்தபோது பிளாஸ்மிட் என்றால் ஏதோ பிளாஸ்டிக் சமாசாரம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். "கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு நேரம் எழுத மாட்டாங்க மக்ளே." எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பாள்.

ஜனவரி 22, புதன்

கொடுத்துவிட்டேன். சரியாக இரண்டு பக்கம்!

பேரவையில் டைப் செய்யும் கிரீஷுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. நானே அடித்துக் கொடுத்தேன். சத்தியநேசன் சார் தமிழ் எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. நான் வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடிக்கொண்டு "ஷெரி, ஷெரி" என்றார். சரிபார்த்தல் முடிந்தது. தமிழில் வேறு ஆளில்லை.

நீட்டி முழக்குவது எனக்குப் பிடிக்காது. மூலத்தில் 'ஜனிதக கத்ரிக' என்று இருந்தது. டிஎன்ஏவை வெட்டும் நொதிக்குப் பாடப்புத்தகத்து வர்ணனைப் பெயர். தமிழ்ப் புத்தகத்தில் மரபணுக் கத்தரிக்கோல் என்று நீட்டியிருப்பார்கள். நான் மரபணுக் கத்தரி என்று முடித்தேன். 'மரபணுக் கத்தரி என்றால் என்ன? அதன் பயன்களை விளக்குக.' பத்து மதிப்பெண். இருப்பதிலேயே பெரிய கேள்வி, படிக்கவும் லட்சணமாக இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று தேர்வு. கேள்வியோடு சம்பந்தப்பட்டவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனோடு ஒன்றுமில்லாததற்குச் சண்டை.

பிப்ரவரி 15, சனி

தமிழ் விடைத்தாள்களைத் திருத்துவதும் நானே. தமிழில் வேறு ஆளில்லை என்பதை அந்த ஆபீஸ் ஒரு பதவி மாதிரி எனக்குக் கொடுத்திருக்கிறது.

பாறசாலை சென்டர் கட்டை முதலில் எடுத்தேன். மோசமில்லை. நொதி, வெட்டு, ஒட்டுமுனை எல்லாம் எழுதியிருந்தார்கள். பிறகு கிழக்கேகோட்டை சென்டர். முதல் தாளிலேயே தூக்கிவாரிப்போட்டது. 'மரபணுக் கத்தரியில் புழு விழாது. எனவே விவசாயிக்கு நன்மை.'

புழுவா? கத்தரியில் புழுவா? துரு விழும் என்று எழுதியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்! கத்தரிக்காயைப் பற்றி ஒரு பக்கம். மரபணு மாற்றிய கத்தரிக்காய் என்று எங்கோ கேட்டதை இழுத்துக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறது அந்தப் பிள்ளை. சுழியம் போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். கத்தரிக்காய் என்றால் வழுதலங்காய் என்று அம்மாவுக்குப் புரியவே நேரமாயிற்று. "கத்திரின்னு கேட்டா வழுதலங்காயை எழுதி வச்சிருக்கா? அது எப்படிளா?" அப்பா சோறு புரைக்கேறச் சிரித்தார். "பேரவை ஆபீஸ் எங்க இருக்கு? வழுதக்காட்டுலதானே. பிள்ளையள் இடம் பாத்து எழுதியிருக்கு." நன்றாகச் சிரித்தோம். அண்ணன் வினீத்கூடச் சண்டையை மறந்து சிரித்தான். மதினி மட்டும் இல்லை, ஊர்க் கோயில் கொடை என்று கோவில்பட்டிக்குப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிரிப்பு நின்றுபோயிற்று.

இரண்டாவது தாளிலும் கத்தரிக்காய். மூன்றாவதிலும். அந்த சென்டரில் எழுதிய ஏழு பேரும் கத்தரிக்காய். பாறசாலையில் ஒருவர்கூட இல்லை. ஏழு பேரும் ஒரே அசட்டுத்தனத்தை எப்படி எழுதுவார்கள்? ஒருவன் எழுத மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். வேறென்ன! நான் ராப்பகலாக உட்கார்ந்து இவர்களுக்காகத் தமிழில் கேள்வி எழுதினால், இவர்கள் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறார்கள். முதல் வருடமே தமிழ் பேப்பருக்கு இந்தப் பெயர்.

ஆத்திரம் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி, சத்தியநேசன் சாருக்கு மெயில் அனுப்பினேன்: கிழக்கேகோட்டை சென்டரில் கூட்டாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், ஏழு தாள்களையும் தனியே வைத்திருக்கிறேன், நடவடிக்கை வேண்டும். உடனே போன் செய்தார். "டீச்சர் ஆளு மோசமில்லையே. இதுபோல கண்ணில எண்ணெய் விட்டுப் பாக்குத ஆளைத்தான் நமக்கு வேணும்."

அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழு பிள்ளைகளுக்கும் நோட்டீஸ் போயாயிற்று. மார்ச் ஒன்றாம் தேதி விசாரணை, பெற்றோரோடு வர வேண்டும். காப்பி என்று உறுதியானால் தாள் ரத்து. பள்ளிக்கும் தெரிவிப்பார்களாம். பிளஸ் டூ பரீட்சை வேறு நெருங்குகிறது. என்னவோ மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், தப்புக்குத் தண்டனை உண்டு.

மனதை மாற்ற, புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

'டிஎன்ஏ ஒரு நீண்ட இரட்டை இழை. அதில் இருப்பது நான்கே எழுத்துகள். அவற்றில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று வரும் இடத்தை மட்டும் தேடிப் பிடித்து வெட்டும் நொதி ஒன்று உண்டு. தன்னைத் தாக்க வரும் வைரஸின் டிஎன்ஏவைத் துண்டாக்க பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம் அது. வெட்டு நேராக விழாது. ஒரு பக்கத்து இழை கொஞ்சம் நீண்டு நிற்கும். அதே நொதியால் வெட்டிய வேறு எந்த டிஎன்ஏத் துண்டும் அந்த நீட்டலில் வந்து பொருந்திக்கொள்ளும். மனிதனுடையதா, செடியுடையதா என்று அது பார்க்காது. பொருந்தியதை லைகேஸ் என்னும் இன்னொரு நொதி இணைத்துவிடும். மனித இன்சுலினுக்கான ஜீனை பாக்டீரியாவின் பிளாஸ்மிட் வளையத்தில் சேர்ப்பது இப்படித்தான். பாக்டீரியா பெருகப் பெருக வளையமும் பெருகும், இன்சுலினும் ஊறும்.'

படித்துப் பார்த்தேன். பரவாயில்லை. பிறகும் கை ஓடவில்லை. அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படிப்பார்களா?

பிப்ரவரி 22, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதினி நேற்று ஊரிலிருந்து வந்தாள். இன்று நான் சாலைக் கடைத்தெருவில் இருக்கும்போது போனில் அவள் மெசேஜ்: 'வரும்போது கத்தரி வாங்கிட்டு வா. சின்னதா பாத்து வாங்கு.' ரவிக்கை தைக்கிறாளே, நூல் வெட்ட என்று நினைத்துக்கொண்டேன். ஃபேன்சி ஸ்டோரில் நாலைந்தைத் திறந்து மூடிப் பார்த்து, சிவப்புப் பிடி போட்ட சின்னக் கத்தரி ஒன்று வாங்கினேன்.

அடுப்படியில் மதினி எண்ணெய்ச் சட்டியோடு நின்றிருந்தாள். கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன ஆர்யா இது?"

"கத்தரி. நீங்கதானே கேட்டிய."

"கத்தரிக்காயத்தான கேட்டேன்? எண்ணெய்க் கத்தரி வைக்கலாம்னு மசாலா அரைச்சு வச்சிருக்கேன். இத வச்சு என்னத்தக் கொழம்பு வைக்க?"

அம்மா அம்மியில் கை ஊன்றிச் சிரித்தாள். "வழுதலங்கான்னு சொல்லியிருந்தா கொண்டு வந்திருப்பா பிள்ளே. எங்களுக்குக் கத்திரின்னா இதுதான்."

"எங்க ஊர்ல கத்தரின்னா காய்தான் அத்தை. இத கத்தரிக்கோல்னு சொல்லணும்."

கோல்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மதினி பயந்துபோனாள்.

கிழக்கேகோட்டைப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படிப்பது யார்? திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் கத்தரி சமையலறையில் இருக்கும். பாறசாலைப் பிள்ளைகள் எங்களைப் போல, வழுதலங்காய்க்காரர்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அவரவர் வீட்டுத் தமிழில் என் கேள்வியைப் படித்திருக்கிறார்கள். கத்தரிக்காய் என்ற சொல் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தச் சொல் என் வாயில் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் எழுதும்போது மனதில் தட்டவே இல்லை.

அப்பா விஷயத்தை முழுவதும் கேட்டார். பிறகு, "கோலப்பன் மவளுக்கு ஒரு கோலை எழுத மனசு வரல்லியே" என்றார். தன் பெயரை வைத்துச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிரீஷிடம் சாவி வாங்கிப்போய் அந்த ஏழு தாள்களையும் மறுபடி படித்தேன்.

ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒருவன் புழுவைப் பற்றியே எழுதியிருக்கிறான். ஒருத்தி விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள், அரசு ஏன் நிறுத்திவைத்தது என்று எழுதியிருக்கிறாள். காப்பி அடித்தவர்கள் இப்படியா எழுதுவார்கள்? அன்றைக்கு முதல் இரண்டு வரிக்கு மேல் நான் படிக்கவேயில்லை. கத்தரிக்காய் என்று கண்ணில் பட்டதும் சுழியம், அடுத்தது.

ஒரு தாள் மட்டும் என்னைக் கொன்றுவிட்டது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் புழுவைக் கொல்லும் புரதத்துக்கான ஜீன் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து ஒரு பிளாஸ்மிட்டில் வைத்து, செடிகளுக்குள் ஜீனைக் கடத்தத் தெரிந்த வேறொரு பாக்டீரியாவின் வழியே கத்தரிச் செடிக்குள் அனுப்புகிறார்கள் என்று வரிசையாக எழுதிவிட்டு, கீழே: 'இதில் ஜீனை வெட்டும் நொதிக்கு மரபணுக் கத்தரிக்கோல் என்று பெயர். ஒட்டும் நொதி லைகேஸ்.'

கேட்ட கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. கத்தரி வேறு, கத்தரிக்கோல் வேறு என்று அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அதற்கும் சுழியம்.

இப்போது என்ன செய்ய? பேசாமல் மதிப்பெண்ணை மாற்றி, 'சந்தேகம் தீர்ந்தது' என்று ஒரு மெயில் போட்டுவிடலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அங்கே யார் இருக்கிறார்கள்? என் புத்தகம் பிழைக்கும். பிள்ளைகளும் பிழைப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் நோட்டீஸ் போய்விட்டதே. எந்தச் சந்தேகம், எப்படித் தீர்ந்தது என்று அவர்களிடம் என்ன சொல்வது? சும்மா ஒருநாள் திருடன் என்று நினைத்தோம், இப்போது இல்லை என்றா?

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லிவிட்டேன். சார் முதலில் நம்பவில்லை. "கத்தரின்னா வழுதனங்காயா? ஆரு சொன்னா?" பாறசாலைக்காரர் அல்லவா. மதினிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவள் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டீச்சரே, கமிட்டிக்குத் தெரிஞ்சா புஸ்தகக் காரியம் குழப்பமாகும் கேட்டோ."

"தெரியட்டும் சார்."

சொல்லும்போது என்ன வீராப்பு! பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தப் புத்தகத்தின் நினைப்புதான்.

விசாரணையை ரத்து செய்யலாமே என்றேன். கூப்பிட்டாயிற்று, வரட்டும், நேரில் விளக்கிவிடலாம் என்றார். பிழையைச் சொல்ல வேண்டியது நான்.

மார்ச் 1, சனி

பேரவை ஹாலில் ஏழு பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். உட்காருங்கள் என்று சொன்ன பிறகும் உட்காரவில்லை. ஒவ்வொருவர் தாளையும் சார் அவரவர் கையில் கொடுத்து, இது உன்னுடையதுதானா என்று கேட்டுத் திரும்ப வாங்கினார். அதற்குள் ஒருவருடைய அப்பா எழுந்துவிட்டார். ஒல்லியான ஆள், விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் இருக்கிறாராம்.

"சார், எம் பிள்ள ஒழுங்கா சாப்பிட்டு ஒரு வாரம் ஆச்சு. பிழைக்க வந்த ஊர்ல களவாணின்னு பேரு வாங்கவா இவள படிக்க வச்சேன்?"

நான் எழுந்தேன். கேள்வியைத் தமிழில் எழுதியது நான், கத்தரிக்கோல் என்று எழுத வேண்டிய இடத்தில் கத்தரி என்று எழுதிவிட்டேன், எங்கள் வீட்டில் அந்தக் காய்க்கு வழுதலங்காய் என்று பேர், அதனால் தோன்றவில்லை, பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை, மன்னிக்க வேண்டும். இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்த விழிஞ்ஞத்துக்காரரின் மகள் மட்டும் கேட்டாள். "அப்ப அது காயே இல்லையா மிஸ்?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பெயர் முப்பிடாதி. கத்தரிக்கோல் என்று ஒழுங்காக எழுதிய தாள் அவளுடையது.

"அப்பம் காப்பின்னு சொன்னது ஆரு?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்டாள். சார் சட்டென்று முந்திக்கொண்டார். "அது ஆபீஸ் நடைமுறையாக்கும். ஒரு கேள்விக்கு ஒண்ணுபோல உத்தரம் வந்தா சோதிக்கணும். அத்ரதான்." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

தாள்கள் நாகர்கோவிலில் ஒரு பேராசிரியருக்குப் போகும், கத்தரிக்காயைப் பற்றி எழுதியதையும் அதன் தகுதிக்குத் திருத்துவார் என்று அறிவித்தார்கள். போகும்போது முப்பிடாதியின் அப்பா என்னிடம் வந்தார். "நீங்க மட்டும் சொல்லலேன்னா எம் பிள்ள பேரு கெட்டிருக்கும் தாயி. பெரிய மனசு உங்களுக்கு."

மார்ச் 2, ஞாயிறு

பெரிய மனசாம்.

சொல்லைத் தப்பாக எழுதியது தவறு. அதைச் சொல்லிவிட்டேன், எளிதாகத்தான் இருந்தது, பாராட்டுகூடக் கிடைத்தது. ஆனால் அவர்களைக் காப்பி அடித்தவர்கள் என்று எழுதியது? அது கைதவறி நடந்ததில்லை. நானே உட்கார்ந்து, கோபப்பட்டு, ரசித்து எழுதினேன். அதை 'ஆபீஸ்' தலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த மனிதர் எனக்கு நன்றி சொல்கிறார். நான் 'பரவாயில்லை அண்ணாச்சி' என்கிறேன். பரவாயில்லையாம்! நாக்கு கூசவில்லை எனக்கு.

அம்மாவிடம் சொன்னேன். "முடிஞ்சத என்னத்துக்குக் கிளறுகா? சாரமில்ல, விடு." விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா?

மார்ச் 13, வியாழன்

ஆற்றுக்கால் கோயில் பொங்கல். தெருவெல்லாம் அடுப்பு, புகை. மதினிக்கு இது முதல் பொங்கல், நான்தான் கூட உட்கார்ந்தேன். பானை பொங்கும்போது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டாள். புகை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

புத்தகம் நாகர்கோவில் பேராசிரியருக்குப் போய்விட்டது. "விஷமிக்காதீங்க டீச்சரே, அடுத்தது பாக்கலாம்" என்றார் சார். விஷமம் என்றால் இங்கே வருத்தம். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். சொற்களைப் பற்றிப் பேசும் யோக்கியதை இப்போது எனக்கில்லை.

எழுதிவைத்த அத்தியாயத்தை அந்தப் பேராசிரியருக்கே அனுப்பிவிட்டேன். அழுதேன். ஆசைப்பட்டதல்லவா.

ஏப்ரல் 5, சனி

பட்டியல் வந்துவிட்டது. தமிழில் எழுதியவர்களில் மூன்று பேர். பாறசாலையில் இரண்டு, கிழக்கேகோட்டையில் ஒன்று: எம். முப்பிடாதி.

சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாக இருக்க எனக்கு என்ன உரிமை என்றும் இருக்கிறது.

மே 5, திங்கள்

முகாமில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க ஆள் வேண்டும் என்று சார் கூப்பிட்டார். வர மாட்டேன் என்று சொல்லத்தான் போன் எடுத்தேன். "தமிழ்ல வேற ஆளில்லை டீச்சரே." போனேன்.

இன்று வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ பிரித்தார்கள். குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றியதும் சோப்புத் தண்ணீருக்கு மேலே வெள்ளை வெள்ளையாக மிதந்து வந்தது. முப்பிடாதி குச்சியால் சுற்றி எடுத்தாள். "இதுலயா மிஸ் எல்லாம் எழுதியிருக்கு? சளி மாரில்லா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவளும்.

என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். எனக்குத்தான் அவளைப் பார்க்க முடியவில்லை.

மே 7, புதன்

பிளாஸ்மிட்டை நொதியால் வெட்டி ஜெல்லில் ஓட்டும் நாள். ஜெல்லில் உள்ள சின்னக் குழிக்குள் பிப்பெட் முனையை இறக்கித் துளியை விட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஜெல் கிழியும், தூக்கினால் துளி மிதந்து போய்விடும். மற்றவர்களுக்குக் கை ஆடியது. முப்பிடாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தடவையில் விட்டாள். மின்சாரம் பாய்ச்சி, விளக்கில் வைத்தபோது வெட்டிய துண்டுகள் தனித்தனிக் கோடாகத் தெரிந்தன. சின்னத் துண்டு முன்னால் ஓடியிருந்தது, பெரியது பின்தங்கி நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றாள், யாருமில்லை. 'கையுறையைக் குப்பையில் போடு' என்றேன். அதுதான் வாயில் வந்தது.

இந்தப் பிள்ளை இந்த விளக்கின் முன்னால் நிற்காமல் போயிருக்கும். என் ஒரு மெயிலால். நாளை மறுநாள் முகாம் முடிகிறது.

மே 9, வெள்ளி

சான்றிதழ் கொடுத்து முடிந்ததும் எல்லாரும் போட்டோ எடுக்க வெளியே போனார்கள். முப்பிடாதி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"முப்பிடாதி, அன்னைக்கு நீங்க காப்பி அடிச்சதா எழுதினது ஆபீஸ் இல்ல. நான்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் மிஸ்."

"எப்படித் தெரியும்?"

"விசாரணையில என் பேப்பர என் கையில தந்தாங்கல்லா? ஓரத்துல சிவப்பு மையில 'பார்த்து எழுதியது'ன்னு இருந்திச்சு. தமிழ்ல. அந்த ஆபீஸ்ல தமிழ் எழுதுத ஆளு நீங்க ஒருத்தர்தான மிஸ்."

அப்படி எழுதியது எனக்கு நினைவே இல்லை. மறுபடி படித்தபோதும் அவர்கள் எழுத்தைத்தான் பார்த்தேன், என் எழுத்தைப் பார்க்கவில்லை. ஏழு தாளிலும் எழுதியிருப்பேன்.

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "ரொம்ப நாளாக்கிட்டீங்க."

மன்னித்துவிடு என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே போனேன்.

கேட்டுக்கு வெளியே அவள் அப்பா நின்றிருந்தார். சான்றிதழை வாங்கிப் பார்த்தார், எனக்குப் பக்கத்தில் வந்தார், இரண்டு கையும் கூப்பினார். "உங்களாலதான் தாயி இது."

முப்பிடாதி என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு கூப்பின கையை இறக்கிக்கொண்டார்.

"வா பிள்ள, பஸ் போயிரும்" என்றார் மகளிடம்.